தப்பான விடைக்கும் ஒரு காரணம் உண்டு

ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்தும் எவரும் இந்த வரியைப் பார்க்காமல் ஒரு பருவத்தைக் கடந்திருக்க முடியாது: 1/2 + 1/3 = 2/5. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டு. ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ‘மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு’ என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மீ.சி.ம. எடுத்துச் சரியாகச் செய்கிறது. அரையாண்டு விடுமுறை முடிந்ததும் 2/5 திரும்பி வந்துவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் ‘கவனம் போதாது’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

கவனம் போதாமல் செய்யும் பிழை ஆளுக்கு ஆள் மாறும். இதுவோ ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறாமல் ஒரே வடிவில் வருகிறது. அப்படி வருகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது என்று பொருள். அந்த யோசனைக்கு ஆசிரியர்களாகிய நாமும் ஒருவகையில் உடந்தை. முதல் குறுந்தேர்வில் 7/10, இரண்டாவதில் 8/10, மொத்தம் 15/20 என்று விடைத்தாளில் எழுதுவது யார்? மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும்தான் அங்கே கூட்டுகிறோம். மதிப்பெண்ணில் அது சரி. இரண்டு கேள்வியில் ஒன்றும் மூன்று கேள்வியில் ஒன்றும் சரியாக எழுதியவர் ஐந்தில் இரண்டு எழுதியிருக்கிறார். பிள்ளை தன் கண்ணால் பலமுறை பார்த்த கூட்டலைத்தான் பின்னத்திலும் செய்கிறது.

இது தெரிந்துவிட்டால் பாடம் நடத்தும் விதமே மாறிவிடும். மீ.சி.ம.வை இன்னொரு முறை விளக்குவதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘2/5 என்பது அரையைவிடப் பெரியதா, சிறியதா?’ ஐந்தில் இரண்டு பாதிக்குக் குறைவு என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியானால் அரை டம்ளர் பாலில் மேலும் கொஞ்சம் பால் ஊற்றிய பிறகு பால் குறைந்துபோயிற்றா? இந்த இடத்தில் வகுப்பில் சலசலப்பு எழும், எழ வேண்டும். பிறகு 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுங்கள். பட்டையின் பாதி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., இரண்டையும் ஒட்டிவைத்தால் 10 செ.மீ. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. யாராவது ஒரு குறும்பர் ‘10 செ.மீ. பட்டையில் செய்யலாமா சார்?’ என்று கேட்டால் செய்யச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றை அளக்க முடியாமல் திணறும்போதுதான் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான ஒரு மடங்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பது கைக்கு எட்டும்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘அப்படியானால் உங்கள் விடைத்தாளில் நான் போட்ட 15/20 தவறா?’ என்று கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். மதிப்பெண்ணில் ஒவ்வொரு தேர்வும் தனி முழுமை, இரண்டையும் சேர்த்தால் முழுமையே பெரிதாகிறது. டம்ளரில் முழுமை மாறுவதே இல்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொற்களில் சொல்ல ஒரு பாடவேளை முழுதும் ஆகலாம். பாடவேளை வீணாயிற்று என்று நினைக்க வேண்டாம். பின்னம் என்பது எதன் பின்னம் என்று கேட்கும் பழக்கம் விகிதம், சதவீதம், வட்டி என்று எட்டாம் வகுப்புவரை அவர்களோடு வரும்.

தெரியாமை வேறு, தப்பாகத் தெரிந்திருப்பது வேறு

நடுநிலை வகுப்புகள் எனப்படும் 6, 7, 8ஆம் வகுப்புகளில் பாடங்களின் சுபாவமே மாறுகிறது. அதுவரை எண் என்பது எண்ணுவதற்கானது. இப்போது ஒப்பிடுவதற்கும் பங்கிடுவதற்குமானது, போதாக்குறைக்குச் சுழியத்துக்குக் கீழும் இறங்குகிறது. அதுவரை வாசிப்பு என்றால் கதை. இப்போது அறிவியலிலும் வரலாற்றிலும் ஒரு பத்தியில் நான்கு புதிய கலைச்சொற்களைச் சுமந்துவரும் விளக்க உரைநடை. நாள் முழுவதும் கூடவே இருந்த ஒரே ஆசிரியருக்குப் பதில் மணியடித்தால் மாறும் ஆசிரியர்கள். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயது. நான்கு பேர் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. மூன்றாம் வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கையைவிட்டே எழுந்துவிடும் பிள்ளை ஏழாம் வகுப்பில் குனிந்து நோட்டைப் பார்க்கிறது.

இந்தப் பருவத்தில் ஆசிரியர் இரண்டு வகைச் சிக்கல்களைச் சந்திக்கிறார். ஒன்று, வர வேண்டியது வராமலே போனது. பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பில் இருப்போரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 45 விழுக்காட்டை ஒட்டித்தான். மற்றொன்று, வந்தது தப்பாக வந்து உறுதியாக உட்கார்ந்துகொண்டது. முன்னதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், திட்டங்களும் தீட்டுகிறோம். பின்னது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. வெற்றுப் பாத்திரத்தில் ஊற்றுவதும் ஏற்கெனவே மோர் இருக்கும் பாத்திரத்தில் பாலை ஊற்றுவதும் ஒன்றாகாது. இரண்டாவதில் பால் திரிந்துபோகும்.

சில பிழைகளை அருகில் போய்ப் பார்ப்போம். 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் என்ன வரும்? அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதைக் கேட்டார்கள். 84 விழுக்காட்டினர் 12 என்றார்கள். பெரும்பாலான மற்றவர்கள் 17 என்றார்கள். 7 என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சமக்குறி அவர்களுக்கு ‘இதோ விடை வருகிறது’ என்ற அறிவிப்பாகத் தெரிகிறது. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்ற பொருள் அதில் தெரிவதில்லை. நம் கரும்பலகைகளிலும் 5 + 3 = 8 × 2 = 16 – 4 = 12 என்ற தொடர்வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாய்க்கணக்கின் வேகத்தில் எழுதுகிறோம், 5 + 3 எப்படி 12க்குச் சமமாகும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் x + 5 = 12 என்ற சமன்பாட்டைச் சந்திக்கும்போது ‘பக்கம் மாற்றினால் குறி மாறும்’ என்ற மந்திரத்தைத் தவிர வேறு பிடிமானம் அவர்களிடம் இருப்பதில்லை. தொடக்கத்திலேயே 12 = 8 + 4 என்றும் 6 + 6 = 8 + 4 என்றும் மாற்றி மாற்றி எழுதிக் காட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

தசமத்தில் இன்னும் சுவாரசியமான ஒரு சிக்கல் உண்டு. 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? 35 என்பது 4ஐவிடப் பெரியது ஆகவே 0.35 என்போர் ஒரு வகை. ‘தசமத்தில் இலக்கம் கூடக் கூடச் சிறுத்துப்போகும்’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு 0.4 என்போர் இன்னொரு வகை. இரண்டாமவருக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவோம்! அவரிடமே 0.3, 0.46 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள், 0.3தான் பெரியது என்பார். ஆகவே ஒரு கேள்வி போதாது. ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்யும் இரண்டு கேள்விகள் வேண்டும். சரியான விடையைக்கூட நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை நடத்த நம் பிள்ளைகளிடம் ஒரு புதையல் இருக்கிறது: கிரிக்கெட். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். இன்னும் மூன்று பந்து வீசினால் 5 ஓவர். அப்படியானால் 4.3 + 0.3 = 5 என்று ஆகிறதே! புள்ளிக்குப் பின்னால் பத்தில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இங்கே ஆறில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உண்மையான தசமத்தில் எழுதினால் அது 4.5 ஓவர். ரன் ரேட் கணக்கிட 4.3ஆல் வகுத்தால் தவறான விடை வரும் என்பதை ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொல்லும் நாளில், இடமதிப்பு அந்த வகுப்பில் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். நான்கரை ரூபாயை 4.5 என்று எழுதிவிட்டு ‘நான்கு ரூபாய் ஐந்து பைசா’ என்று வாசிக்கும் பிழையும் இதே வம்சம்தான்.

அறிவியலுக்கு வருவோம். கோடையில் ஏன் வெயில் அதிகம்? ‘அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.’ படித்த பெரியவர்களே தயங்காமல் சொல்லும் விடை இது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில்; அப்போது தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு வகுப்பிடம் விட்டுவிடலாம். டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணி விளையாடும்போது அங்கே பார்வையாளர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பதை யாராவது ஒரு பையன் நினைவுகூர்வான். அதே நேரத்தில் டில்லியில் பனிமூட்டம். சூரியனின் தொலைவு இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே?

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. நம் மாநிலம் முழுதும் பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் இடையில் இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த குச்சியின் நிழல் காணாமல் போகிறது. ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட்–செப்டம்பர் வாக்கில் இன்னொருமுறை. ஏப்ரல் ஆண்டுத் தேர்வில் போய்விடும்; இரண்டாவது நாளைப் பிடித்துக்கொள்ளலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வாரம் ஒருமுறை அந்தக் குச்சியின் நண்பகல் நிழலை அளந்து எழுதிவரும் வகுப்பு, சாய்ந்த கதிர், நேர்கதிர் என்ற சொற்களைப் பாடநூலில் சந்திக்கும் முன்பே அவற்றைக் கண்ணால் கண்டிருக்கும். டிசம்பர் நிழலின் நீளத்தைப் பார்த்து அவர்களே வாய்பிளப்பார்கள்.

இன்னொன்று. ஒரு வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ‘மண்ணிலிருந்து’ என்பதே ஏறக்குறைய ஒருமித்த விடை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் மாணவரும் இதையே சொல்வார், அந்தச் சமன்பாட்டுக்கும் வாசலில் நிற்கும் மரத்துக்கும் தொடர்பு உண்டென்று அவருக்குத் தோன்றுவதில்லை. வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது, மண்ணோ இரண்டு அவுன்ஸ்தான் குறைந்தது. 1648இல் அச்சேறிய இந்தச் சோதனையைச் சொல்லி, ‘அப்படியானால் எடை எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் ‘தண்ணீரிலிருந்து’ என்று வகுப்பு சொல்லும். வான் ஹெல்மான்ட்டும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னதும் தவறு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஒரு பெரிய அறிஞரின் தப்பான விடையையும் தன்னுடைய தப்பான விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த முறை கையைத் தூக்கக் கூச்சம் குறையும்.

‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்துவது

இந்த யோசனைகள் தாமாக வெளியே வருவதில்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது டீச்சர்!’ என்று நாற்பது குரல்கள் ராகத்தோடு வரும். அந்த ராகம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே மனப்பாடம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஓர் எளிய விஷயத்தைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரை எழுப்புவார், அல்லது தானே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகளின் நீளம் பலமடங்கு கூடியது. ‘தெரியாது’ என்பது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடி என்று படிக்கும்போது ஒன்றுமில்லை. நின்று பாருங்கள், யுகமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது, கையைத் தூக்குபவரை மட்டும் கேட்காமல் வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்பது. நான்கு தெரிவுகளோடு ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, விடையை விரல்களால் நெஞ்சுக்கு அருகில் காட்டச் சொல்லலாம். முதல் தெரிவு என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று சொன்ன பிறகு எல்லோரும் ஒன்றாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாணவியின் விரலைப் பார்த்துவிட்டு வகுப்பே மாற்றிக்கொள்ளும். தெரிவுகளைத் தயாரிப்பதில்தான் ஆசிரியரின் கைவண்ணம் இருக்கிறது. ஒவ்வொரு தவறான தெரிவும் ஏதாவது ஒரு பிள்ளை உண்மையாகவே நம்பும் தவறாக இருக்க வேண்டும். 1/2 + 1/3க்குத் தெரிவுகளாக 5/6, 2/5, 1/6, 2/6 என்று கொடுத்தால் எந்த விரல் எந்த யோசனையிலிருந்து வருகிறது என்று ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். ‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்ற தெரிவால் ஆசிரியருக்கு ஒரு செய்தியும் கிடைக்காது.

விரல்கள் பிரிந்து நின்றால் விடையைச் சொல்லிவிட அவசரப்படக் கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இங்கே உதவும்: சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி விரல் காட்டச் சொல்வது. கல்லூரிக்கு என்று உருவான இந்த முறை பன்னிரண்டு வயதுக்கும் பொருந்துகிறது. காரணம் எளியது. ஆசிரியருக்கு இந்தக் குழப்பம் தீர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பக்கத்து இருக்கைப் பையனுக்கு அது நேற்றுத்தான் தீர்ந்தது, எந்த இடத்தில் இடறினான் என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே. உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகைமை முற்றிய வேளையில், ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். மற்றவர் துண்டைக் கேட்காமல் எவராலும் பாடத்தை முழுமையாக அறிய முடியாது. ஏளனம் செய்துகொண்டிருந்தவனே வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சூழலுக்கு இது அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பெஞ்சில் கலந்து அமர்ந்தவர்களுக்கு ஒருவரையொருவர் தேவைப்படும்படியான வேலையைக் கொடுப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

முறைகள் சடங்காகும் கதை

‘இதெல்லாம் நாங்கள் பார்க்காததா?’ என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தை ஒட்டித் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குச் சென்றது. அதைத் தொடர்ந்து மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. வாசித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டுதல் என்று படிநிலைகள். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் ஆய்வுக்கு வருபவர் கேட்டது ‘மனவரைபடம் போட்டீர்களா?’ என்பதை. அதனால் மனவரைபடங்கள் குவிந்தன: நடுவில் பாடத்தலைப்பு, சுற்றிலும் துணைத்தலைப்புகள், பாடநூலின் பொருளடக்கத்தை வட்டமாக வரைந்தது போல. அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது அதில் எங்கும் இல்லை. குழுவில் கையெழுத்து அழகாக இருப்பவர் எழுதினார், மற்ற மூவரும் ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொடுத்தார்கள்.

2012இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டுக்கும் இதே கதிதான். வளரறி மதிப்பீடு என்பது பாடம் நடக்கும்போதே பிள்ளையின் புரிதலைக் கண்டறிந்து, அடுத்து என்ன நடத்துவது என்று ஆசிரியர் முடிவெடுக்க உதவ வேண்டிய கருவி. அதற்கு 40 மதிப்பெண் ஒதுக்கியதும் அது பதிவேட்டில் நிரப்ப வேண்டிய 40 ஆகிவிட்டது. தெர்மோகோல் மாதிரிகள் கடையிலிருந்து வந்தன. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கப்பட்டது எண், கொடுத்தது எண்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நட்புறவு ஊரக மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கென அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பின்னர் 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. பாடநூலுக்குப் பதில் சோதனைகளும் கேள்விகளும் கொண்ட பயிற்சி நூல். அதில் விடைகள் அச்சிடப்படவில்லை, பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அரவிந்த் குப்தா உருவாக்கிய வடிவங்கள் 1978இல் இந்தச் சூழலில்தான் பிறந்தன.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது அந்தத் திட்டத்தின் மாதாந்தர ஆசிரியர் கூட்டங்கள். எந்தச் சோதனை வகுப்பில் சரிவரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பேசினார்கள். அதை வைத்துப் பயிற்சி நூலே மாற்றி எழுதப்பட்டது. மாநிலத்தின் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பை ஓர் ஆணையால் நிறுத்த முடிந்தது என்பது நல்ல கல்விமுறைகள் எவ்வளவு எளிதில் உடையக்கூடியவை என்பதையும் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய வானவில் மன்றம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்புகளுக்கு எளிய சோதனைகளைக் கொண்டுசெல்கிறது. சோதனைக்கு முன் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏன்?’ என்று கேட்டு எழுதவைக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அது பாடமாகும், இல்லாவிட்டால் வேடிக்கையோடு முடிந்துபோகும்.

வாசிக்கத் தெரியாத பிள்ளையை என்ன செய்வது

மேலே சொன்ன எதுவும், பலகையில் எழுதிய கேள்வியையே படிக்க முடியாத ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு உதவாது. அவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவை. வயதையும் வகுப்பையும் பார்க்காமல், இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்துக் குழு பிரித்து, நாளில் குறிப்பிட்ட நேரம் அந்த நிலையிலிருந்து கற்பிப்பது என்பது ‘பிரதம்’ என்ற தன்னார்வ அமைப்பு பல மாநிலங்களில் செய்துகாட்டிய வழி. தமிழ்நாட்டில் 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்புவரை தொடங்கிய ‘திறன்’ இயக்கமும் இதே திசையில்தான் போகிறது. இங்கே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிலைக்கேற்ற குழு தமிழுக்கு ஒன்றாகவும் கணக்குக்கு வேறாகவும் இருக்கட்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை கலையட்டும். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டால் ஆண்டு முடியும்வரை அதிலிருந்து ஒரு பெயரும் வெளியே வருவதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளை ரன் ரேட் கணக்கில் புலியாக இருக்கலாம். மற்ற பாடவேளைகளில் அது வகுப்பின் நடுவில்தான் இருக்க வேண்டும்.

திருத்துவது பற்றியும் கொஞ்சம். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட, இஸ்ரேலின் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களைக் கொண்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. முன்னேறியது குறிப்புரை மட்டும் பெற்ற குழு. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் உள்ளவரின் எண்ணைப் பார்க்கிறோம். எழுத்தை யார் படிக்கிறார்கள்? நம் பதிவேடுகள் எண்ணைக் கேட்கும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எல்லா வேலைக்கும் எண் போட வேண்டும் என்று எந்த ஆணையும் இல்லை. வாரம் ஒரு குறுந்தேர்வை எண் இல்லாமல் திருத்தலாம். ‘நன்று’, ‘முயற்சி செய்’ ஆகியவை குறிப்புரை ஆகா. ‘மூன்று, ஏழு, ஒன்பதாம் கணக்குகளில் ஒரே காரணத்தால் பிழை வந்திருக்கிறது, என்ன என்று கண்டுபிடி’ என்பது குறிப்புரை. அதைப் படிக்கும் பிள்ளை ஒரு வேலை செய்தாக வேண்டும்.

நேரம் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. நடுநிலை வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொன்னாலும், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவேற்றம், நலத்திட்ட விநியோகம், பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி என்று நாள் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் குறுக்கு விசாரணைக் கேள்விகளை ஒருவரே தயாரித்துக்கொண்டிருக்க முடியாது. தயாரிக்கவும் தேவையில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களுக்கு ஏற்கெனவே எல்லோரும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே பெரும்பாலும் மேலிருந்து வந்த காணொளியைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். அதில் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் அந்த மாதம் திரும்பத் திரும்ப வந்த ஒரு தப்பான விடையை, அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே, பெயரை மறைத்து நகலெடுத்து வரட்டும். பத்துப் பேர் வந்தால் பத்துப் பிழைகள். ‘இந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும்?’ என்பதை மட்டும் முதல் அரைமணி நேரம் பேசுவது, எந்தக் கேள்வி கேட்டால் அந்த யோசனை தானே தடுமாறும் என்பதை அடுத்த அரைமணி நேரம் பேசுவது. ஓராண்டில் ஒரு குறுவள மையத்தின் கையில் நூறு கேள்விகள் கொண்ட ஒரு நோட்டு இருக்கும், அதில் ஒன்றுகூட கைடிலிருந்து எடுத்ததாக இருக்காது.